செயலாளர் விலகுகிறார், பொறுப்பெடுக்க ஆளில்லை: உறுப்பினர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?

#1 மூன்றாம்கியர்

ஒரே மாடல் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கான சங்கம். உறுப்பினர்கள் 120 சொச்சம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது, எல்லாமே ஆர்வத்தில் செய்கிற வேலைதான். செயற்குழுவில் 5 பேர், உண்மையில் ஓடியாடுவது 2 பேர். அந்த இருவரில் ஒருவரான செயலாளர் வரும் பொதுக்குழுவோடு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். குரூப்பில் "யாராவது முன்வாருங்கள்" என்று போட்டால் கும்பிடு போடும் எமோஜி வரிசையாக வருகிறது, ஆள் வரவில்லை. ரைடு என்றால் மட்டும் 20 வண்டி வந்து நிற்கிறது.

மூன்று கேள்விகள். செயலாளரை எங்கே பிடிப்பது? சும்மா இருக்கும் 100 பேரை எப்படி உள்ளே இழுப்பது? இரண்டு வருடம் கழித்து இதே புலம்பல் வராமலிருக்க இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? சங்கம் நடத்தத் தெரிந்தவர்கள் நடைமுறையாகச் சொல்லுங்கள். "ஒற்றுமையே பலம்" வகையறா வேண்டாம்.

#2 பேரேடு

செயலாளரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் செயலாளர் என்னதான் செய்கிறார் என்று பட்டியல் போடுங்கள். அவரிடமே "என்னென்ன செய்றீங்க?" என்று கேட்டால் பாதிதான் நினைவுக்கு வரும். சங்க மின்னஞ்சலில் கடைசி 3 மாதம் அனுப்பியவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். பெரும்பாலும் இவை வரும்: புதிதாகச் சேர விரும்புபவர்களுக்குப் பதில், உறுப்பினர் பதிவேடு, சந்தா நினைவூட்டல், கூட்ட அறிவிப்பு, கூட்டக் குறிப்பு, ரைடுக்கான அனுமதிக் கடிதங்கள், வெளிச் சங்கங்களோடு தொடர்பு. ஆக ஏழு வேலை. இதை மொத்தமாக ஒருவர் தலையில் கட்டப் பார்த்தால் புத்தியுள்ள எவரும் ஒதுங்கத்தான் செய்வார்.

ஒவ்வொரு வேலைக்கும் அரைப் பக்கத்தில் ஒரு வேலைச் சீட்டு எழுதுங்கள். மாதிரி:

வேலை: புதியவர்களுக்குப் பதில். அளவு: வாரம் 2-3 மின்னஞ்சல், மாதம் 2 மணி நேரம். கெடு: 3 நாளுக்குள் பதில். கருவி: மாதிரிப் பதில்கள் இன்ன ஃபோல்டரில், விண்ணப்பப் படிவம் இன்ன இடத்தில். சிக்கினால்: தலைவரைக் கேட்கவும். காலம்: 12 மாதம். கடைசி 2 மாதம் அடுத்தவர் கூடவே இருந்து பழகுவார்.

இதில் முக்கியமானது காலம். முடிவு தேதி இல்லாத பொறுப்பை ஏற்றால் விலகும் நாளில் கெட்ட பெயரோடுதான் விலக வேண்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தயங்குவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அதுதான். 12 மாதம் என்று எழுதிவிட்டு, 12-ஆம் மாதம் நிஜமாகவே விடுவிக்கவும் வேண்டும். "இன்னும் ஒரு வருஷம் பார்த்துக்கோங்களேன்" என்று ஒருமுறை கெஞ்சினால் போதும், அடுத்த சீட்டில் எழுதும் தேதியை யாரும் நம்பமாட்டார்கள்.

#3 கறுப்பு_ஆயில்

பேரேடு சார் சொன்னதுக்கு மேல ஒண்ணு. குரூப்ல பொதுவா கேக்குறது வேலைக்கே ஆகாது. 1968-ல டார்லி, லட்டானேன்னு ரெண்டு உளவியல்காரங்க சோதனை பண்ணிக் காட்டினாங்க: உதவி தேவைப்படுறதைப் பாக்குற ஆள் எண்ணிக்கை கூடக் கூட, அதுல ஒவ்வொருத்தரும் எழுந்து வர்ற வாய்ப்பு குறையும். 120 பேர் இருக்கற குரூப்ல "யாராவது" போட்டா 120 பேரும் மத்த 119 பேரைப் பாப்பாங்க.

ஒரு ஆளைப் பிடிங்க. போன்ல கூப்பிடுங்க, மெசேஜ் வேண்டாம். ஏன் அவரைக் கேக்குறோம்னு காரணம் சொல்லுங்க ("போன ரைடுக்கு நீங்க போட்ட ரூட் ஷீட்ல ஒரு தப்பு இல்ல, அதான்"). எவ்வளவு நேரம், எப்ப முடியும்னு சொல்லுங்க. உடனே பதில் கேக்காதீங்க, ரெண்டு நாள் குடுங்க. "முடியலைன்னா தப்பா எடுத்துக்கமாட்டோம்"னு சொல்றதோட நிக்காம, முடியாதுன்னு சொன்னா "வேற யாரைக் கேக்கலாம்?"னு கேளுங்க. அங்கதான் நல்ல பேரு வரும்.

ரெண்டு விஷயம் செய்யவே கூடாது. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் பேரைச் சொல்லி மடக்கறது ஒண்ணு. வெக்கத்துல தலையாட்டுவாரு, மூணாவது மாசம் போன் எடுக்கமாட்டாரு. வராத ஆளை "நீங்க வரல, அதனால உங்களையே போட்டுட்டோம்"னு தேர்ந்தெடுக்கறது இன்னொண்ணு. சிரிச்சுக்கிட்டே செய்வாங்க, ஆனா அந்த ஆள் அதுக்கப்புறம் கூட்டத்துக்கே வரமாட்டாரு.

#4 டேப்பட்_சத்தம்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஏழு வேலையை ஏழு பேரிடம் கொடுத்தால் எட்டாவதாக ஒரு வேலை பிறக்கிறது: அந்த ஏழு பேரையும் துரத்துவது. அதையும் செயலாளர்தான் செய்வார். சொந்தமாகச் செய்தால் 10 நிமிடத்தில் முடிகிற கடிதத்துக்கு மூன்று நாள் நினைவூட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் "நானே செஞ்சிடுறேன்" என்று பழையபடி எல்லாம் அவரிடமே வந்து சேரும். வேலையைப் பிரித்த சங்கங்கள் பல இப்படித்தான் இருந்த இடத்துக்கே திரும்புகின்றன.

#5 பேரேடு

நியாயமான ஆட்சேபம். ஏழு பேர் தேவையில்லை. வேலைகளை அவை வரும் வேகத்தை வைத்துக் கட்டுங்கள். தினமும் அல்லது வாரமும் வருபவை (மின்னஞ்சல், புதியவர்கள்) ஒருவரிடம். மாதக் கணக்கில் வருபவை (கூட்ட அறிவிப்பு, குறிப்பு) இன்னொருவரிடம். வருடத்துக்கு ஓரிரு முறை மொத்தமாக வந்து விழுபவை (சந்தா புதுப்பிப்பு, பதிவேடு சரிபார்ப்பு) மூன்றாமவரிடம். சுபாவமும் இதற்கு ஒத்துவரும்: தினம் போனைப் பார்ப்பவர் வேறு, வருடத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து எக்செல்லைச் சுத்தம் செய்பவர் வேறு. செயலாளர் என்ற பெயர் இவர்களில் ஒருவருக்கு இருக்கட்டும். மாதம் ஒருமுறை மூவரும் 20 நிமிடம் போனில் பேசினால் துரத்தல் தேவைப்படாது.

அனுமதிக் கடிதங்களை ரைடு நடத்துபவரிடமே விட்டுவிடுங்கள். பாதை தெரிந்தவர் எழுதினால் ஒரே தடவையில் முடியும்.

#6 ஸ்ப்ராக்கெட்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 100 பேரையும் இழுக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விடுங்கள். இணையப் பயன்பாட்டை ஆராய்பவரான ஜேக்கப் நீல்சன் 2006-ல் இணையக் குழுக்களைப் பற்றி எழுதியது பலருக்கும் தெரிந்திருக்கும்: சுமார் 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் எப்போதாவது பங்களிப்பார்கள், 1 சதவீதம்தான் பெரும்பாலானதைச் செய்கிறது. ஆள் நேரில் வரும் சங்கத்தில் விகிதம் மாறும், வடிவம் மாறாது. சந்தா கட்டுகிறார், செய்திமடலைப் படிக்கிறார், வருடம் ஒரு கேஸ்கெட் செட் வாங்குகிறார் என்றால் அவர் நல்ல உறுப்பினர்தான். அவரைக் குற்றவுணர்வில் தள்ளும் ஒவ்வொரு அறிவிப்பும் அடுத்த வருட சந்தாவில் ஒன்றைக் குறைக்கும். "ஆண்டுக்கு இரண்டு வேலை செய்யாவிட்டால் உறுப்பினர் பதவி ரத்து" என்று விதி போடுபவர்கள் உண்டு. செய்கிறவர்கள் எப்படியும் செய்வார்கள், மற்றவர்கள் போய்விடுவார்கள், சந்தா வருமானம் சுருங்கும். கண்ட பலன் அவ்வளவுதான்.

குறி வைக்க வேண்டியது நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து பேரை. ரைடுக்கு வருகிறார், கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருகிறார், கேட்டால் செய்வார், ஆனால் யாரும் கேட்டதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க சந்தா படிவத்தில் ஒரு பகுதி சேருங்கள். "உதவ விருப்பமா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆம்" போடுவார்கள், உபயோகமில்லை. கையில் இருப்பதைக் கேளுங்கள்: வண்டி ஏற்றும் டிரக் அல்லது டிரெய்லர், லேத், வெல்டிங், கணக்கு எழுதத் தெரியும், டிசைன் மென்பொருள் தெரியும், 10 வண்டி நிறுத்த இடம். ஆறேழு கட்டம், டிக் போட்டால் போதும்.

டிக் போட்டவரை இரண்டு வாரத்துக்குள் யாராவது கூப்பிட வேண்டும், வேலை இல்லாவிட்டாலும். போட்டு ஆறு மாதம் யாரும் கூப்பிடவில்லை என்றால் அவர் இனி எதிலும் டிக் போடமாட்டார். அழைக்க ஆளில்லை என்றால் அந்தப் பகுதியை அச்சிடாமல் விடுவதே மேல்.

#7 மூன்றாம்கியர்

//கேட்டால் செய்வார், ஆனால் யாரும் கேட்டதில்லை//

இப்படி எட்டுப் பேர் பெயர் இப்போதே மனதில் வருகிறது. ஆனால் நேராக "குழுவுக்கு வாருங்கள்" என்றால் பயந்துவிடுவார்கள். முதல் படியாக எதைக் கொடுப்பது?

#8 கறுப்பு_ஆயில்

ரைடுதான் முதல் படி. அதுவும் சரியா நடத்தினா, யாரும் கேக்காமலே எல்லாரும் வேலை செய்வாங்க. "ரெண்டாவது வண்டி நிக்கிற" முறை தெரியாதவங்களுக்காக முழுசா எழுதறேன்.

லீடர் முன்னாடி, ஸ்வீப் கடைசி, ரெண்டு பேர் இடமும் மாறாது. பாதை திரும்புற ஒவ்வொரு இடத்துலயும் லீடருக்கு அடுத்து வர்ற வண்டி ஓரம் கட்டி நின்னு வழி காட்டணும். எல்லாரும் கடந்து போவாங்க. ஸ்வீப் கண்ணுல பட்டதும் இவர் கிளம்பி ஸ்வீப்புக்கு முன்னால சேந்துக்கணும். அதுக்குள்ள லீடருக்குப் பின்னால வேற ஆள் வந்திருப்பாரு, அடுத்த திருப்பத்துல அவர் நிப்பாரு. லீடர், ஸ்வீப் சேத்து 20 வண்டி, பாதையில 18 திருப்பம்னா, போன வாரம் சேந்தவர்லேருந்து தலைவர் வரைக்கும் ஆளுக்கு ஒரு தடவை நின்னாகணும். வழி காட்டத் தனியா மார்ஷல் தேட வேண்டியதில்ல.

எங்க சொதப்பும்னா:

நிக்கறவர் "எல்லாரும் போயிட்டாங்க போல"ன்னு கிளம்பிடுவாரு. நடுவுல ஒருத்தர் சிக்னல்ல மாட்டி நாலு நிமிஷ இடைவெளி விழுந்தாலே இது நடக்கும். அதனால விதி ஒண்ணே ஒண்ணு: ஸ்வீப்பைக் கண்ணால பாக்காம நகரக்கூடாது. ஸ்வீப் மட்டும் ஒளிர்ற ஜாக்கெட் போடணும். வேற யாரும் அதே கலர்ல போட்டா அவ்வளவுதான், அவரையே ஸ்வீப்னு நினைச்சு கிளம்பிடுவாங்க.

திருப்பத்தைத் தாண்டிப் போய் நிப்பாங்க. வர்றவனுக்கு நேரம் கடந்துதான் தெரியும். திருப்பத்துக்கு முன்னாலயே, தூரத்துலேருந்து தெரியற மாதிரி, ரோட்டை விட்டு இறங்கி நிக்கணும்.

வரிசைக்குள்ள ஓவர்டேக் பண்ணுவாங்க. பண்ணினா ரெண்டு பேர் நாலு தடவை நிப்பாங்க, பத்து பேர் நிக்கவே மாட்டாங்க. லீடருக்குப் பின்னால யாரும் இல்லாமப் போற ஆபத்தும் உண்டு.

ஸ்வீப்கிட்ட வண்டி பழுதாகி நின்னா முன்னால நிக்கறவருக்குத் தெரியாது. 20 நிமிஷம் ஆனா போன் போடணும், இடத்தை விட்டு நகரக்கூடாது. லீடரும் அடுத்த நிறுத்தத்துல தலை எண்ணாம கிளம்பக் கூடாது.

20-க்கு மேல வண்டி வந்தா ரெண்டு குழுவாப் பிரிச்சு 15 நிமிஷ இடைவெளி விடுங்க. ஒட்டிப் போனா ரெண்டு குழுவும் கலந்து, யார் ஸ்வீப்னே தெரியாமப் போகும். ரெண்டு குழுன்னா ரெண்டு லீடர், ரெண்டு ஸ்வீப். உங்க எட்டு பேருல நாலு பேருக்கு இங்கயே வேலை வந்துடுச்சு.

ஸ்வீப்புக்குப் புதுசா வர்றவரைப் பழைய ஆளோட ரெண்டு ரைடு அனுப்புங்க. பையில என்ன இருக்கணும்னு எழுதிக் குடுங்க: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக் ரெண்டு, பாயின்ட் செட், கண்டென்சர், செயின் லிங்க் ரெண்டு, முன் பின் டியூப், டயர் லீவர், கைப் பம்பு, பியூஸ், முதலுதவிப் பெட்டி. ஸ்வீப்பா இருக்கறவருக்கு எல்லாரையும் தெரிஞ்சிடும், எல்லார் வண்டியோட நோயும் தெரிஞ்சிடும். நாலு ரைடு ஸ்வீப் பண்ணினவர் அஞ்சாவதை லீட் பண்ணலாம், பத்து மாசத்துல ரைடு பொறுப்பாளர் ரெடி.

#9 பில்லியன்சீட்

//லீடரும் அடுத்த நிறுத்தத்துல தலை எண்ணாம கிளம்பக் கூடாது//

இதை 72 பாயின்ட் எழுத்தில் அச்சடித்து டேங்கில் ஒட்ட வேண்டும்.

இன்னொரு நுழைவாயில் பட்டறை நாள். ஆனால் பெரும்பாலான சங்கங்களில் அது எப்படி நடக்கிறது? எல்லாம் தெரிந்த ஒருவர் வண்டியைக் கழற்றுவார், சுற்றி 15 பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், யாரோ வீடியோ எடுப்பார்கள். முடிந்து போகும்போது ஒருவருக்கும் எதுவும் கை வந்திருக்காது. ஒரு வண்டிக்கு 4 பேர், அதற்கு மேல் வேண்டாம். 12 பேர் வந்தால் 3 வண்டி. ஒரு நாளில் ஒரே பாடம்: இன்று பாயின்ட் இடைவெளியும் இக்னிஷன் டைமிங்கும் மட்டும், அடுத்த முறை கார்புரேட்டர் மட்டும். தெரிந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். அவர் ஸ்பேனரைத் தொட்டுவிட்டால் பாடம் அங்கேயே முடிந்தது. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எவ்வளவு இறுக்கமாக இழுத்தால் சரி என்பது பார்த்து வருகிற விஷயமில்லை, விரலுக்குத்தான் தெரியும்.

குரூப்பில் தொழில்நுட்பக் கேள்விகளுக்கும் இதே கதை. கேட்ட மூன்றாவது நிமிடம் குருநாதர் பதில் போட்டுவிடுவதால் ஓரளவு தெரிந்தவர்கள் வாய் திறப்பதே இல்லை. 24 மணி நேரம் பொறுத்து, வந்த பதில்களில் தவறு இருந்தால் மட்டும் திருத்தும்படி அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்.

#10 டேப்பட்_சத்தம்

எல்லாம் சரி, ஆனால் ஒரு பழைய வண்டிச் சங்கத்தில் ஆட்கள் நீடிப்பதற்கு உண்மையான காரணம் ஸ்பேர்ஸ், அதாவது உதிரி பாகங்கள். பிரிட்டனின் வின்சென்ட் கம்பெனி 1955-ல் மோட்டார் சைக்கிள் தயாரிப்பை நிறுத்தியது. 1948-லேயே தொடங்கிய அதன் ஓனர்ஸ் கிளப் இன்னும் இருக்கிறது, அந்த உறுப்பினர்கள் உருவாக்கிய ஸ்பேர்ஸ் கம்பெனியும் இருக்கிறது. ஹார்லி ஓனர்ஸ் குரூப்போடு ஒப்பிடாதீர்கள். அதை 1983-ல் தயாரிப்பாளரே தொடங்கினார், ஒவ்வொரு கிளைக்கும் பின்னால் ஒரு டீலர் நிற்கிறார். நம் மாதிரி சங்கத்துக்குப் பின்னால் யாருமில்லை.

நல்ல சங்கங்கள் உடைவதும் ஸ்பேர்ஸால்தான்.

#11 பேரேடு

அந்தக் கடைசி வரியை விரிக்கலாம், ஏனென்றால் பங்கேற்பு பற்றிய எல்லாப் பாடமும் இதில் இருக்கிறது.

கிடைக்காத ஒரு ரப்பர் பாகத்தைச் செய்ய முடிவெடுக்கிறீர்கள், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் சீல் என்று வைத்துக்கொள்வோம். குரூப்பில் "யாருக்கெல்லாம் வேணும்?" என்றால் 60 கை உயரும். முன்பணம் கேட்டால் 25 பேர் கட்டலாம். கை உயர்ந்ததை நம்பி 60-க்கு ஆர்டர் கொடுத்தால் மீதி 35-க்கான பணம் யாரோ ஒரு குழு உறுப்பினரின் பையிலிருந்து போகும், சரக்கு அவர் வீட்டுப் பரணில் கிடக்கும். அடுத்த பாகத்துக்கு அவர் வரமாட்டார், அவரைப் பார்த்த மற்றவர்களும் வரமாட்டார்கள்.

முறை: பாதித் தொகை முன்பணம், 30 நாள் கெடு. கெடுவுக்குள் கட்டியவர்களே கணக்கு. பாகத்தை வார்க்கும் அச்சுக்கான முழுச் செலவையும் அவர்கள் மீதே பிரித்து விலை வையுங்கள். அந்த விலை தாங்காது என்றால் திட்டத்தைக் கைவிட்டு முன்பணத்தைத் திருப்புங்கள். தாங்கினால் கட்டிய எண்ணிக்கையோடு 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகச் செய்து, பின்னால் வருபவர்களுக்கு அதிக விலையில் கொடுங்கள். முதலில் பணம் கட்டியவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே விலை என்றால் அடுத்த முறை யாரும் முதலில் கட்டமாட்டார்கள்.

தொழில்நுட்பத்தில் அடிக்கடி தவறுவது இரண்டு. தேய்ந்த ஒரே சாம்பிளைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்துத் தருவார்கள். ரப்பர் பழசானால் சுருங்கவும் ஊதவும் செய்யும், எனவே அது உட்காரும் உலோக இடத்தையும் அளந்து கொடுங்கள். அடுத்தது பொருள்: பழைய ரப்பர் கலவைகள் பல எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊதி இளகிவிடும். பெட்ரோல் தொடும் இடத்துக்கு விட்டான் (Viton, பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) வகை வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். முதல் 2 பீஸ் வந்ததும் பெட்ரோலில் இரண்டு வாரம் ஊறப் போட்டு அளந்து பார்த்த பிறகுதான் மீதிக்கு அனுமதி.

தனி வங்கிக் கணக்கு வையுங்கள், சந்தாப் பணத்தோடு கலக்க வேண்டாம். சொந்தமாக ஸ்பேர்ஸ் விற்கும் ஒருவர் குழுவில் இருந்தால் இந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும், போனார் என்று குறிப்பில் எழுதவும் வேண்டும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். குறிப்பில் எழுதியிருந்தால்தான் அதை நாளை நிரூபிக்க முடியும்.

#12 ஸ்ப்ராக்கெட்

மூன்றாவது கேள்வி: பதவிக் காலம். 2 வருடம், ஒவ்வொரு வருடமும் பாதி இடங்களுக்கு மட்டும் தேர்தல். 5 பேர் குழுவில் ஒரு வருடம் 3, அடுத்த வருடம் 2. மொத்தக் குழுவும் ஒரே நாளில் மாறினால் எதை எங்கே வைத்தார்கள் என்று தெரிந்த ஆளே இருக்கமாட்டார். ஒரே பதவியில் தொடர்ந்து 3 முறைக்கு மேல் கூடாது. சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911-லேயே எழுதினார், எவ்வளவு ஜனநாயகமான அமைப்பானாலும் அதிகாரம் சிலர் கையில் போய்ச் சேரும் என்று. அவர் பார்த்தது பெரிய அரசியல் கட்சிகளை. 100 பேர் சங்கத்தில் அது இன்னும் சுலபமாக நடக்கும், யாரும் திட்டமிடாமலே.

#13 டேப்பட்_சத்தம்

ஆளே இல்லாத சங்கத்தில் இருப்பவரையும் 3 முறை முடிந்ததென்று துரத்தினால் என்ன மிஞ்சும்? பெரிய அமைப்புக்கான மருந்தைச் சின்ன சங்கத்துக்குக் கொடுக்கிறீர்கள். பொருளாளர் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் கிடைப்பதே அபூர்வம்.

#14 ஸ்ப்ராக்கெட்

அதற்கு வழி உண்டு. 3 முறைக்குப் பிறகும் தொடரலாம், ஆனால் ரகசிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கை தூக்கும் வாக்கெடுப்பில் பழகிய மனிதர் முகத்துக்கு எதிராக யாரும் கை தூக்கமாட்டார்கள், அதனால்தான் ரகசியம். பொருளாளருக்குத் துணைப் பொருளாளர் ஒருவரைக் கட்டாயமாக்குங்கள், கணக்கு முடிக்கும் மாதத்துக்கு 6 மாதம் முன்பே கூட உட்கார வேண்டும். கணக்கு முடிக்கும் நேரத்தில் கை மாற்றினால் பழையவர் "அது அவர் பார்ப்பார்" என்பார், புதியவர் "அது எனக்கு முந்தியது" என்பார்.

சங்கத்தைத் தொடங்கியவர் விஷயம் தனி. ஆலோசகர் என்று மரியாதை கொடுங்கள், வாக்கும் அட்மின் உரிமையும் வேண்டாம். புதுத் தலைவர் ஒரு முடிவு எடுத்த மறுநாள் நிறுவனர் குரூப்பில் "இதை நாம அந்தக் காலத்துல..." என்று தொடங்கினால் புதுத் தலைவர் அன்றோடு காலி.

#15 டேப்பட்_சத்தம்

மூன்றில் இரண்டு, ரகசிய வாக்கு என்றால் சரி. ஏற்கிறேன்.

#16 பேரேடு

விலகும் செயலாளரிடமிருந்து வாங்க வேண்டியவை, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே:

சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கு. பாஸ்வேர்டு வாங்கினால் போதாது. மீட்பு எண் அவருடைய சொந்த போன் எண்ணாக இருக்கும். புதியவர் புது போனில் நுழையும்போது ஓ.டி.பி. பழையவருக்குப் போகும். அவர் பயணத்தில் இருப்பார், அல்லது எண்ணையே மாற்றியிருப்பார். மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் அவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றி, வெளியேறி, மறுபடி நுழைந்து பாருங்கள்.

இணையதள டொமைன் யார் பெயரில் இருக்கிறது, புதுப்பிப்பு நினைவூட்டல் எந்த முகவரிக்குப் போகிறது, எந்த கார்டிலிருந்து பணம் போகிறது. கார்டு காலாவதியாகி டொமைன் போன பிறகுதான் பல சங்கங்களுக்கு இது தெரியவரும்.

வங்கியில் 3 பேர் கையெழுத்து, எந்த 2 பேரும் சேர்ந்து இயக்கலாம் என்று மாற்றுங்கள். இரண்டே பேர் இருந்து ஒருவர் போனால் புதியவரைச் சேர்க்கும்வரை பணம் முடங்கும். இந்தத் தீர்மானம் பொதுக்குழுக் குறிப்பில் பெயரோடு இருக்க வேண்டும், வங்கி அதன் நகலைத்தான் கேட்கும்.

வாட்ஸாப் அட்மின்கள் குறைந்தது 3. பதிவேட்டின் பிரதி 2 இடத்தில். அச்சுகளும் வரைபடங்களும் எந்தப் பட்டறையில் இருக்கின்றன என்ற பட்டியல், அவை சங்கத்துக்குச் சொந்தம் என்று பட்டறை உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம்.

#17 பில்லியன்சீட்

செலவு பற்றி யாரும் பேசவில்லை. அஞ்சல், போன், முன்கூட்டியே பாதை பார்க்கப் போகும் பெட்ரோல் எல்லாம் சொந்தக் காசு என்றால், காசு உள்ளவர் மட்டும்தான் தலைமைக்கு வர முடியும். "எனக்கு வேண்டாம், பரவாயில்லை" என்று பெருந்தன்மையாக மறுப்பவர்தான் இங்கே சிக்கல். அவருக்கு அடுத்து வருபவர் ரசீது நீட்டக் கூச்சப்படுவார். எல்லாரும் ரசீது கொடுத்துப் பணம் வாங்க வேண்டும், 30 நாளுக்குள், வேண்டாதவர் வாங்கி நன்கொடையாகத் திருப்பித் தரட்டும்.

கூட்ட நேரமும் அப்படியே. எல்லாக் கூட்டமும் இரவு 9 மணிக்கு என்றால் சின்னக் குழந்தை உள்ளவர்களும் தூரத்தில் இருப்பவர்களும் ஒருபோதும் குழுவுக்கு வரமாட்டார்கள். பிறகு "இளைஞர்கள் வருவதில்லை, பெண்கள் வருவதில்லை" என்று தீர்மானம் போடுவார்கள். ஒன்று விட்டு ஒன்று பகலில் அல்லது வீடியோ அழைப்பில் வையுங்கள்.

#18 கறுப்பு_ஆயில்

கூட்டம்னதும் ஞாபகம் வருது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. அஜெண்டா ஒரு வாரம் முன்னாடி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல "தகவல்", "விவாதம்", "முடிவு"ன்னு எழுதணும். தகவலா இருந்தா படிச்சிட்டு வரட்டும், பேச வேண்டாம். சின்ன விஷயத்துக்குத்தான் கமிட்டி நேரத்தைக் கொட்டும்னு பார்க்கின்சன்ங்கிற எழுத்தாளர் 1957-லேயே கிண்டலா எழுதினாரு: அணு உலைக்கு ரெண்டரை நிமிஷம், சைக்கிள் ஷெட்டுக்கு முக்கால் மணி நேரம். நம்மாளுங்களுக்கு அது டி-ஷர்ட் கலர். அதை ரெண்டு பேர்கிட்ட விட்டு, அவங்க சொன்னதுதான் முடிவுன்னு எழுதிடுங்க. குறிப்புல பேச்செல்லாம் வேண்டாம், யாரு, என்ன, எப்பக்குள்ள. ரெண்டு நாள்ல அனுப்பணும்.

#19 மூன்றாம்கியர்

எட்டுப் பேரில் மூவரை போனில் பேசியாயிற்று. ஒருவர் வருடாந்தர வேலைகளை எடுக்கச் சம்மதம், ஒருவர் ஸ்வீப், மூன்றாமவர் இரண்டு நாள் கேட்டிருக்கிறார். கடைசியாக ஒன்று: இவ்வளவும் செய்தும் பொதுக்குழுவில் செயலாளர் பதவிக்கு யாரும் நிற்கவில்லை என்றால்?

#20 டேப்பட்_சத்தம்

இடத்தைக் காலியாக விடுங்கள். பிடித்து உட்கார வைத்தவரை விட காலி நாற்காலி மேல், ஏனென்றால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். உங்கள் விதிமுறை இடம் கொடுத்தால் 90 நாளுக்கு இடைக்காலப் பொறுப்பு என்று தீர்மானம் போடுங்கள், தலைவரே வைத்துக்கொள்ளலாம். அந்த 90 நாளில் செய்ய வேண்டியது மூன்றே வேலை: கட்ட வேண்டிய கட்டணங்களைக் கட்டுவது, பதிவேட்டைப் பாதுகாப்பது, அடுத்த கூட்டத்தைக் கூட்டுவது. செய்திமடல், டி-ஷர்ட், புது ரைடு எதுவும் கிடையாது. எது நின்றுபோனது என்று பெயர் சொல்லி உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். "செய்திமடல் வராது, ஏனென்றால் செய்ய ஆளில்லை" என்ற ஒரு வரி பத்து வேண்டுகோளை விட வேலை செய்யும். முதுகுக்குப் பின்னால் நீங்களே ரகசியமாகச் செய்து முடித்தால் ஆள் தேவை என்பதே யாருக்கும் தெரியாது.

கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இல்லாமல் போனால் என்ன என்பதையும் இப்போதே பாருங்கள். கோரம் மொத்த உறுப்பினரில் பாதி என்று எழுதி வைத்த சங்கங்கள் எதையும் நிறைவேற்ற முடியாமல், அந்த விதியை மாற்றவும் கோரம் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கும். 120 பேருக்கு 20 அல்லது 25 போதும். இப்போது ஆள் வரும் ரைடு நாளிலேயே பொதுக்குழுவை வைத்து இதை மாற்றிவிடுங்கள்.

#21 பேரேடு

அதே கூட்டத்தில் கலைப்பு விதியையும் சேர்த்துவிடுங்கள். சங்கம் மூடப்பட்டால் அச்சுகளும் வரைபடங்களும் இதே மாடலுக்கான வேறொரு சங்கத்துக்கு, பழைய கையேடுகளும் படங்களும் ஆவணக் காப்பகத்துக்கு, முன்பணம் கட்டியவர்களுக்கு முதலில் திருப்பிக் கொடுத்த பிறகு மீதிப் பணம் எங்கே என்று பெயர் குறித்து. கலைப்பைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று யாராவது சொல்வார்கள். அவரிடம் அச்சுகள் இப்போது எந்தப் பட்டறையில் இருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள்.

#22 மூன்றாம்கியர்

எனக்கே தெரியவில்லை. செயலாளருக்கு இப்போதே போன் போடுகிறேன்.